சும்மா இருப்பதற்கு நஷ்டஈடு

நீதிபதி அங்கயற்கண்ணி தலையாட்டத் தொடங்கிய பிறகு, செவ்வல்பட்டணம் வாகன விபத்து இழப்பீட்டு நீதிமன்றத்துக்கு வருகிற எல்லாருக்கும் தாங்கள்தான் ஜெயிக்கப் போகிறோம் என்ற நம்பிக்கை வந்துவிட்டது. மனுதாரரின் வக்கீல் பேசும்போது அவர் இடமும் வலமுமாக மெல்லத் தலையாட்டினார். இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் எழுந்து அத்தனையையும் மறுத்தபோதும் அதே கனிவோடு ஆட்டினார். மின்விசிறி துடைக்க ஏணி கேட்டு வந்த ஊழியருக்கும் ஆட்டினார். ஊழியர் இரண்டு ஏணியாக எடுத்துக்கொண்டு போனார்.

அதற்கு முன் அந்த நாற்காலியில் அவர் முகம் அசைந்து யாரும் பார்த்ததில்லை. வக்கீல்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் ‘கல்லு’. அந்தப் பெயர் அவர் காதுக்கும் வந்திருந்தது. உள்ளுக்குள் அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு. நீதிபதியின் முகத்தைப் பார்த்து யாருக்கும் ஒன்றும் தெரியக் கூடாது என்று நினைக்கிற பரம்பரை.

அந்தக் கல்லை அசைத்தது வலது கன்னத்தில் ஓடும் ஒரு நரம்பு. பல் துலக்கினால் சுளீர் என்றது. காற்று பட்டால் சுளீர். ‘தள்ளுபடி’ என்று சொன்னால், நாக்கு மேலே மடங்கும் அந்த ஓர் எழுத்தில் கன்னத்துக்குள் யாரோ மின்சாரக் கம்பியைச் செருகியது போலிருந்தது. அந்த வருடம் அவர் தள்ளுபடி செய்த மனுக்கள் மிகக் குறைவு. மாத்திரைகள் வலியோடு சேர்த்து அவரையும் தூங்க வைத்தன. கடைசியில் கணவர் ராஜாமணி அவரை மதுரைக்கு அழைத்துப்போய் நரம்பியல் மருத்துவர் இர்ஃபானா முன்னால் உட்கார வைத்தார்.

மருத்துவர் மேஜை மேல் புளியங்கொட்டை அளவில் ஒரு கருவியை வைத்தார். “இது தணிப்பி. காதுக்குப் பின்னாடி தோலுக்கு அடியில வைக்கணும்.”

“என்ன செய்யும் இது?”

“கால் விரல்ல நாற்காலி இடிச்சா என்ன செய்வீங்க மேடம்?”

“திட்டுவேன்.”

“அதுக்கு முன்னாடி?”

அங்கயற்கண்ணி யோசித்தார். “காலை உதறுவேன்.”

“அதேதான். யாரும் சொல்லித் தரல, ஆனா எல்லாரும் உதறுறோம். நாமளா உடம்பை அசைக்கும்போது மூளை அந்த அசைவைக் கவனிக்கிறதுல மும்முரமாயிடும். வலி வாசல்ல நின்னு பெல் அடிச்சிக்கிட்டே இருக்கும், யாரும் போய்த் திறக்க மாட்டாங்க. இந்தக் கருவி அந்தக் கதவுக்கு ஒரு தாழ்ப்பாள். நீங்க அசையும்போது மட்டும் விழும்.”

“எதை அசைக்கணும்?”

“அதை உங்க மூளைதான் சொல்லணும். ஒருத்தருக்கு ஒண்ணுதான் பொருந்தும். பெரும்பாலும் காலாட்டுறது, விரல் தட்டுறது. போன வாரம் ஒரு தாசில்தார் வந்தாரு. அவருக்கு இடுப்பு.”

“இடுப்பா?”

“நீண்ட விடுப்புல இருக்காரு.”

அன்று பிற்பகல் முழுக்கத் தலையில் கம்பிகளை ஒட்டிக்கொண்டு அங்கயற்கண்ணி விரலைத் தட்டினார், காலை ஆட்டினார், தோளைக் குலுக்கினார், கண்ணைச் சிமிட்டினார். திரையில் வலியின் கோடு மசியவில்லை. எல்லாரும் அலுத்துப்போன நேரத்தில் மருத்துவர், “காபி சாப்பிடுறீங்களா மேடம்?” என்று கேட்டார். அங்கயற்கண்ணி பழக்கத்தில், சரி என்பதுபோல், தலையை இடமும் வலமும் ஆட்டினார். கோடு அப்படியே படுத்துவிட்டது.

“வேற ஏதாவது பாருங்களேன் டாக்டர். நான் ஜட்ஜ்.”

“உங்க மூளைகிட்ட சொல்லிப் பாத்தாச்சு மேடம். அது கேக்கல.” பிறகு இன்னொன்றும் சொன்னார். “நீங்களாத்தான் ஆட்டணும். வேற யாராவது தலையைப் பிடிச்சு ஆட்டினா வேலை செய்யாது. தூக்கத்துலயும் செய்யாது.”

ராஜாமணி நீட்டிய கையை மடக்கிக்கொண்டார்.

நீதிபதியின் தலைக்குள் ஒரு இயந்திரம் இருக்கிறது என்று தெரிந்தால் தோற்ற கட்சிக்காரன் ஒவ்வொருவனும் அதையே காரணம் சொல்லி மேல் கோர்ட்டுக்குப் போவான். அதனால் அங்கயற்கண்ணி யாரிடமும் சொல்லவில்லை. வலி போயிற்று. முகத்தில் காற்று படுவது இவ்வளவு இனிமையான விஷயம் என்பது அவருக்கு மறந்தே போயிருந்தது. நாள் முழுக்க, கச்சேரி கேட்கிறவர் போல மெதுவாக ஆட்டிக்கொண்டிருந்தார்.

விளைவுகள் வேறு வழியாக வந்தன. ஒரு நாள் வீட்டு வாசலில் புகை கக்கும் பழைய மோட்டார் சைக்கிள் நின்றது. தாவரவியல் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்ற ராஜாமணி அதைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“யாரைக் கேட்டு வாங்குனீங்க?”

“உன்னைத்தான் கேட்டேன். தலையாட்டினியே.”

நீதிமன்றத்தில் வக்கீல்கள் இளைஞர்களாகிவிட்டார்கள். நீளமாகப் பேசினார்கள், நயமாகப் பேசினார்கள். தோற்றவர்கள்கூட, ‘அம்மா நம்ம பக்கம்தான் இருந்தாங்க, சட்டம் விடல’ என்று திருப்தியோடு போனார்கள். மேல்முறையீடுகள் பாதியாகக் குறைந்தன. இதில் யாருக்கும் நஷ்டமில்லை என்றுதான் அங்கயற்கண்ணி நினைத்துக்கொண்டிருந்தார், பேச்சிமுத்து சாட்சிக் கூண்டில் ஏறும் வரை.

பேச்சிமுத்து பரோட்டா மாஸ்டர். டவுன் பஸ் ஒன்று அவர் சைக்கிளை இடித்துத் தள்ளியதில் வலது தோளின் நரம்புகள் இழுபட்டுப்போயின. வேலையும் போயிற்று. அவருக்கு வக்கீல் மாசிலாமணி. பஸ்ஸின் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு வக்கீல் தேவசகாயம். இரண்டு பேரும் ஒரே கேன்டீனில் ஒரே மேஜையில் சாப்பிடுகிறவர்கள்.

“வலது கையைத் தூக்க முடியுமா?” என்று மாசிலாமணி கேட்டார்.

“முடியாதுய்யா,” என்று பேச்சிமுத்து தயங்கிச் சொல்லிவிட்டு நீதிபதியைப் பார்த்தார். நீதிபதி தலையாட்டினார்.

பேச்சிமுத்துவின் முகம் மலர்ந்தது. “சோறுகூட எம் பொண்டாட்டிதாம்மா ஊட்டுதா.”

தலை ஆடிற்று.

“தலை சீவ முடியல. சட்டை பித்தான் போட முடியல. ராத்திரி கன்னத்துல கொசு உக்காந்தா, அது குடிச்சு முடிச்சு எந்திரிச்சுப் போற வரைக்கும் பாத்துக்கிட்டே கெடக்கணும்.”

தலை இன்னும் கனிவாக ஆடிற்று. மாசிலாமணி இருமினார். பேச்சிமுத்து வக்கீலைப் பார்க்கும் நிலையில் இல்லை. தன் வாழ்நாளில் இவ்வளவு பெரிய மனுஷி ஒருத்தர் தான் சொல்வதை இப்படிக் கேட்டதில்லை.

“சாமியக்கூட ஒத்தைக் கையாலதாம்மா கும்பிடுதேன். மரியாதை இல்லாத பயன்னு அது நெனைச்சிருக்கும்.”

மாசிலாமணி இருமி இருமிக் கண்ணில் நீர் வர உட்கார்ந்தார்.

தேவசகாயம் சாவகாசமாக எழுந்தார். “கேள்வி ஒண்ணுமில்ல மேடம். கம்பெனியோட புலனாய்வாளர் எடுத்த ஒரு வீடியோ மட்டும் இருக்கு.”

திரையில் ஒரு மொட்டை மாடி. லுங்கியோடு பேச்சிமுத்து. ஈரத் துண்டை வலது மணிக்கட்டில் முடிந்துகொண்டு தலைக்கு மேல் மின்விசிறி மாதிரி சுழற்றினார். கைப்பிடிச் சுவரில் ஓங்கி ஒரு அடி. மறுபடி சுழற்றல். நடுவில் நிறுத்தி அதே கையால் கன்னத்தில் ஒன்று போட்டு, உள்ளங்கையைப் பார்த்தார். கொசு செத்திருந்தது.

நீதிமன்றம் சிரித்தது. டவாலி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். பேச்சிமுத்து கூண்டின் கட்டையைப் பிடித்தபடி நின்றார், இரண்டு கையாலும்.

அங்கயற்கண்ணிக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் திரையில் துண்டைப் பார்க்கவில்லை, முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். உடற்பயிற்சி செய்கிறவன் முகமல்ல அது. வேலை செய்கிறவன் முகமும் அல்ல. பாதி மூடிய கண். ஒவ்வொரு சுற்றுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்கிற தாடை. தினமும் காலையில் கண்ணாடியில், தலையாட்டத் தொடங்கிய சற்று நேரத்தில், அவர் பார்க்கிற முகம்.

அந்த மனிதன் வலி இல்லாததால் சுழற்றவில்லை. வலிப்பதால் சுழற்றுகிறான். அங்கயற்கண்ணிக்கு அது தெரிந்துவிட்டது. ஆனால் தெரிந்து என்ன பயன்? நீதிபதி தன் காதுக்குப் பின்னால் இருப்பதை வைத்துத் தீர்ப்பெழுத முடியாது. அதோடு, அந்தக் கொசு வரைக்கும் அவனைத் தட்டிக்கொடுத்துக் கூட்டிக்கொண்டு போனது தன்னுடைய தலைதான் என்பதும் அவருக்குப் புரிந்தது.

“நாளைக்கு,” என்று சொல்லி எழுந்தார்.

அன்று மாலை ராஜாமணியின் பணி ஓய்வு விழா ஆல்பம் வந்திருந்தது. எல்லாப் படத்திலும் ராஜாமணி மாலையோடு சிரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் பட்டுப் புடவைக்கு மேலே ஏதோ கலங்கலாக இருந்தது.

“ஒரு நிமிஷம் சும்மா இருங்கன்னு போட்டோகிராஃபர் எத்தனை வாட்டி சொன்னாரு,” என்றார் ராஜாமணி.

“சும்மா இருக்கிறது எப்படின்னே எனக்கு மறந்துபோச்சுங்க.”

“வலிக்காம இருக்கேல்ல, அது போதாதா?”

“வலி இல்லைதான். ஆனா வாடகை வீடு மாதிரி இருக்கு. ஆட்டிக்கிட்டே கட்டணும். நிறுத்துனா வீட்டுக்காரன் வந்து கதவைத் தட்டுறான்.” ஆல்பத்தை மூடினார். “அன்னைக்கு மழை பெஞ்சதே, ஜன்னல்கிட்ட நின்னு பாத்தேன். முன்னெல்லாம் அப்படியே நிப்பேன். இப்ப மழையும் சேந்து ஆடுது.”

ராஜாமணி மோட்டார் சைக்கிளில் ஒரு சுற்றுக் கூட்டிக்கொண்டு போகட்டுமா என்று கேட்டார். அந்தத் தலையாட்டல் சம்மதமா, சிகிச்சையா என்று தெரிந்துகொள்ளச் சற்று நேரம் காத்திருந்தார். பிறகு தனியாகப் போனார்.

மறுநாள் நீதிமன்றம் கூடியதும் அங்கயற்கண்ணி தட்டச்சரிடம், “இதைப் பதிவு செய்யுங்க,” என்று சொல்லிவிட்டு எல்லாவற்றையும் சொன்னார். நரம்பு, தணிப்பி, தலை. “இத்தனை மாசமா நான் யாருக்கும் சம்மதம் சொல்லல. இந்த வழக்கை வேற நீதிபதிக்கு மாத்தணும்னா ரெண்டு தரப்பும் இப்பவே கேக்கலாம்.”

தேவசகாயம் மெதுவாக எழுந்தார்.

“அப்ப, போன மாசம் லாரி வழக்குல என் வாதத்துக்கு நீங்க ஆட்டினது?”

“அதுக்கும் இதே காரணம்தான்.”

“ரொம்பப் பிரமாதமா வாதாடினேன்னு வீட்டுல சொல்லிட்டேன் மேடம்.”

“வருத்தமா இருக்கு, மிஸ்டர் தேவசகாயம்.”

இரண்டு வக்கீல்களும் ஓரமாகப் போய்ப் பேசினார்கள். வழக்கை மாற்ற வேண்டாம் என்றார்கள். தன் பக்கம் ஆடியபோது மட்டும் அதில் கொஞ்சம் நிஜமும் கலந்திருந்தது என்று இருவருமே நம்பியதாகப் பிற்பாடு கேன்டீனில் பேசிக்கொண்டார்கள்.

“சாட்சியைக் கூப்பிடுங்க,” என்ற அங்கயற்கண்ணி, விரலைக் காதுக்குப் பின்னால் கொண்டுபோய்த் தணிப்பியை அழுத்தி நிறுத்தினார். தலையும் நின்றது.

வலி உடனே வரவில்லை. யாராவது இருக்கிறார்களா என்று எட்டிப் பார்த்தது. பிறகு மொத்தமாக உள்ளே வந்தது. அவர் முகம் இறுகியது. முன் வரிசை வக்கீல்கள் தங்களை அறியாமல் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். கல்லு திரும்பி வந்துவிட்டது.

“பேச்சிமுத்து.” அந்தப் பெயரிலேயே நாக்கு கன்னத்தைச் சுட்டது. “நேத்து சொன்னதெல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும். இப்ப நான் தலையாட்ட மாட்டேன். என் முகத்தைப் பாத்துச் சொல்லாதீங்க. கை எப்ப வலிக்குது?”

பேச்சிமுத்து தன் வக்கீலைப் பார்த்தார். மாசிலாமணி மின்விசிறியை ஆராய்ந்துகொண்டிருந்தார். நீதிபதியின் முகம் பத்ரகாளி மாதிரி இருந்தது. ஏதாவது ஒரு பொய் கிடைக்குமா என்று அவர் தேடியிருக்கலாம். அந்த முகத்துக்கு முன்னால் ஒன்றும் அகப்படவில்லை.

“சும்மா இருந்தா வலிக்கும்மா.”

“அசைச்சா?”

“சுத்துனா அடங்கும். நிறுத்துனா வந்துரும். தூங்கணும்னா சுத்திச் சுத்தி அசந்து விழணும். நடுவுல முழிப்பு வந்தா மறுபடி மாடிக்குப் போயிருவேன்.”

“அப்ப பரோட்டா போடலாமே?”

“சுத்தத்தான் முடியும்மா, பிடி நிக்க மாட்டேங்கு. மாவை வீசுனா கைய விட்டுப் போயிருது. ஒருநா சாப்பிட வந்த சப்-இன்ஸ்பெக்டர் தோள்ல போய் விழுந்துச்சு. அன்னைக்கே முதலாளி, நீ நின்னுக்கோன்னுட்டாரு. எம் மவளுக்கு ஒன்றரை வயசு. நெஞ்சுல போட்டா தூங்கிருவா. பிள்ளைய வச்சுக்கிட்டு எப்படிம்மா கையச் சுத்த? அதனால வாங்குறதே இல்ல. அப்பங்கிட்ட வர மாட்டேங்கான்னு வீட்டுல சிரிக்காவ.”

“நேத்து ஏன் இதைச் சொல்லல?”

“கை அசையவே அசையாதுன்னு சொல்லச் சொன்னாங்க.” யார் என்று சொல்லாமல் தரையைப் பார்த்தார். “கொசு மட்டும் நானாச் சொன்னதும்மா. நீங்க தலையாட்டுனீங்கன்னு.”

தேவசகாயம் எழுந்துவிட்டார். அவர் கெட்டவர் அல்ல; நல்ல வாதம் கண்ணில் பட்டால் விடமாட்டார். “மேடம், சாட்சியே ஒத்துக்கிட்டார். சுத்தினா வலி இல்ல. அப்ப மருந்து அவர் கையிலேயே இருக்கு. செலவில்லாத மருந்து. வலிக்கிற நேரமெல்லாம் சுத்திக்கட்டும். இல்லாத வலிக்குக் கம்பெனி ஏன் நஷ்டஈடு தரணும்?”

வாதம் கச்சிதமாக இருந்தது. கன்னத்துக்குள் கம்பி அறுத்துக்கொண்டிருந்த நிலையிலும் அங்கயற்கண்ணி அதைக் கவனித்தார்.

“நல்ல வாதம். கையைச் சுத்திக்கிட்டே சொல்லுங்க.”

“மேடம்?”

“செலவில்லாததுதானே. வலது கை. சுத்திக்கிட்டே மிச்சத்தை வாதாடுங்க. பதிவாகட்டும்.”

தேவசகாயம் சுற்றிலும் பார்த்தார். பிறகு கையைச் சுழற்றினார். அங்கி காக்கையின் சிறகு போலப் படபடத்தது. முதல் இரண்டு வாக்கியம் கம்பீரமாக வந்தது. முன்னுதாரணத் தீர்ப்பு ஒன்றைக் காட்டக் காகிதத்தை எடுத்தார், பறந்தது. குனிந்து எடுக்கப் பார்த்தார், சுழலும் கை மாசிலாமணியின் கண்ணாடியைத் தட்டிவிட்டது. மன்னிப்புக் கேட்டதில் விட்ட இடம் மறந்துபோயிற்று. “ஆகவே,” என்றார். “ஆகவே,” என்று இன்னொரு தடவை சொன்னார். கை நின்றது.

“ஏன் நிறுத்திட்டீங்க?”

“ஓஞ்சு போச்சு மேடம்.” அவருக்கு மூச்சு வாங்கியது.

“அவருக்கு அந்த வசதி இல்ல,” என்றார் அங்கயற்கண்ணி.

தேவசகாயம் கூண்டைப் பார்த்தார். பேச்சிமுத்துவின் வலது தோள் சட்டைக்குள் மெல்லச் சுழன்றுகொண்டிருந்தது. யாரும் பார்க்கக் கூடாது என்று நினைக்கிற அளவுக்குச் சின்னதாக. தேவசகாயம் உட்கார்ந்தார். அதற்குப் பிறகு எழவில்லை.

தீர்ப்பை அங்கயற்கண்ணி தணிப்பி இல்லாமலே சொன்னார். பொய் சாட்சியைக் கண்டித்து, சொல்லிக்கொடுத்தவருக்கு அபராதமும் போட்டார். மாசிலாமணி அப்போதும் மின்விசிறியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மருத்துவச் செலவு, வருமான இழப்பு என்று வழக்கமான தலைப்புகள் வந்தன. ‘வலியும் வேதனையும்’ என்ற தலைப்பு வந்ததும் நிறுத்தி, அதற்குக் கீழே புதிதாக ஒன்றைச் சேர்க்கச் சொன்னார். “சும்மா இருக்க முடியாத நஷ்டம்.”

தட்டச்சரின் விரல்கள் நின்றன. “‘சும்மா’ன்னே அடிக்கவா மேடம்?”

பெஞ்ச் கிளார்க் சுலோச்சனா குனிந்து, “‘செயலற்ற நிலையில் அமர்ந்திருக்கும் திறன் இழப்பு’ன்னு போட்டா கௌரவமா இருக்கும் மேடம்,” என்றார்.

“அது யாருக்கு வேணும்? சும்மான்னே அடிங்க.”

கம்பெனி மேல்முறையீடு செய்தது. உயர் நீதிமன்றத்தில் தீர்ப்பை ஆங்கிலத்தில் பெயர்த்துத் தரச் சொன்னார்கள். ‘சும்மா’வில் வந்து மொழிபெயர்ப்பாளர் நின்றுவிட்டார். அவர் மூன்று முறை அவகாசம் கேட்டதில் அலுத்துப்போன கம்பெனி பணத்தைக் கட்டிவிட்டது.

அங்கயற்கண்ணி தணிப்பியை மறுபடி போட்டுக்கொண்டார். அவருக்குப் பின்னால் சுவரில், ‘நீதிபதி தலையாட்டுவது சம்மதம் அல்ல’ என்று ஒரு பலகை வந்தது. ராஜாமணி அதே மாதிரி ஒன்று வீட்டுக்கு வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

பத்திரிகையில் செய்தி வந்த அடுத்த வாரம், சுலோச்சனா ஒரு மனுவோடு அறைக்குள் வந்தார். சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தார்.

“இதைப் பாருங்க மேடம். மரகதவல்லின்னு ஒரு அம்மா. விபத்து நடந்த நாள்ங்கிற இடத்துல கல்யாணத் தேதியப் போட்டிருக்காங்க. சம்பந்தப்பட்ட வாகனம், பூ ஜோடிச்ச வெள்ளைக் கார். எதிர்மனுதாரர், வீட்டுக்காரர். அன்னைலருந்து ஒரு நாள்கூட சும்மா உக்கார முடியலையாம். நஷ்டம் கேக்குறாங்க.”

“வாகனத்துக்குக் காப்பீடு இருந்துச்சா?”

“‘எதுவும் இல்லை’ன்னு எழுதியிருக்காங்க மேடம்.” சுலோச்சனாவுக்குச் சிரிப்பு வெடித்துவிட்டது. “திருப்பி அனுப்பிடவா?”

அங்கயற்கண்ணி மனுவை வாங்கிப் படித்தார். முத்து முத்தான கையெழுத்து. நடுவில் ஓர் இடத்தில் மஞ்சள் கறை. அடுப்பை அணைக்க எழுந்துபோய் வந்து விட்ட இடத்திலிருந்து எழுதியது போல, வாக்கியம் ஒன்று பாதியில் நின்று வேறு மையில் தொடர்ந்தது.

“இது நம்ம கோர்ட்டுல நிக்காது. திருப்பித்தான் அனுப்பணும்,” என்றார். “ஆனா கேக்காம அனுப்பக் கூடாது. திங்கட்கிழமை வரச் சொல்லுங்க.”

“சரி மேடம்.”

“சாட்சிக் கூண்டுல ஒரு நாற்காலி போடச் சொல்லுங்க.”

சுலோச்சனா கதவு வரை போனவர் நின்றார். முந்தானை வாயிலிருந்து இறங்கியிருந்தது. முகத்தில் சிரிப்பு இல்லை.

“கை வச்ச நாற்காலியா மேடம், சாதாரண நாற்காலியா?”

“சாஞ்சு உக்கார்ற மாதிரி,” என்றார் நீதிபதி.